ஏழாங்கட்டைப் பீப்பாய்

கடல் குப்பையைப் பற்றிப் பேச எத்தனையோ கரையோர ஊர்கள் இருக்க, கூட்டத்தை ஈப்போவில் வைத்திருந்தார்கள். ஈப்போவில் கடல் கிடையாது. சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள், குன்றுகளுக்குள் குகைகள், குகைகளுக்குள் கோயில்கள். ஆற்றில் விழுவதுதானே கடலுக்குப் போகிறது, அதனால் மேட்டிலிருந்தே பேசத் தொடங்குகிறோம் என்று கடிதத்தில் விளக்கம் எழுதியிருந்தார்கள். நியாயமாகத்தான் பட்டது.

நான் கோடியக்கரைப் பக்கம் கரை ஒதுங்கும் குப்பையைப் பொறுக்குகிறவள். பொறுக்குவதோடு, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று அட்டையில் எழுதி வைக்க வேண்டும். செருப்பு, லைட்டர், ஷாம்பு புட்டி, மருந்துக் குப்பி. வாடைக்காற்று மாதங்களில் பாதிக்குப் பாதி மலாய், தாய்லாந்து எழுத்தோடு வரும். மலாக்கா நீரிணையில் விழுந்தது வடக்கே போய் அந்தமானைச் சுற்றி, வங்கக் கடலைத் தாண்டி எங்கள் மணலில் வந்து கிடக்கும். இருபது வருடமாக இந்த வேலை. வீட்டில் என் பெயர் குப்பைக்காரி. கோபம் வந்தால் மட்டும் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

இந்த முறை என் பையில் ஒரு குப்பையும் வந்தது. முழங்கை நீளத்துக்குத் தடித்த நீல நைலான் கயிறு. அதில் இறுக்கமான ஒரு முடிச்சு. முடிச்சின் வளையத்துக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு மரத்துண்டு. ஒரு பக்கம் பட்டை இருந்தது. மறுபக்கத்தைக் கடல் புழு துளைத்துத் துளைத்துத் தேன்கூடு மாதிரி ஆக்கியிருந்தது. போன தை மாதம் ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பாயோடு இது கரை ஒதுங்கியது. பீப்பாய் முழுக்கக் கொட்டலசுச் சிப்பி ஒட்டி மூடியிருந்தது. சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பெயிண்டில் தமிழ் எழுத்து.

‘உபயம்: முனியாண்டி – லெட்சுமி குடும்பம், ஏழாங்கட்டைத் தோட்டம்.’

மலாய் எழுத்துக்குப் பழகிய கண்ணுக்கு அது என்னவோ செய்தது. நம் ஆட்கள் கோயிலுக்கு ஒரு குழல் விளக்கு வாங்கிக் கொடுத்தாலும் வெளிச்சம் மறைகிற அளவுக்குப் பெயரை எழுதுவார்கள். பீப்பாயையும் விடவில்லை. அந்தப் பழக்கத்தைப் பலமுறை கேலி செய்திருக்கிறேன். இருபது வருடத்தில் முதல் முறையாக, அனுப்பியவரின் பெயரோடு ஒரு குப்பை வந்து சேர்ந்திருந்தது அந்தப் பழக்கத்தால்தான்.

பீப்பாயை விமானத்தில் ஏற்ற முடியாது. அது இப்போது எங்கள் ஊர் டீக்கடை வாசலில் தண்ணீர்ப் பீப்பாயாக நிற்கிறது. படமும் கயிறும் மட்டும் என்னோடு வந்தன. விமான நிலையத்தில் ஓர் இளம் அதிகாரி பையைத் திறந்து, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். குப்பை என்றேன். குப்பையை ஏன் எங்கள் நாட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள் என்றார். உங்களுடையதுதான், திருப்பிக் கொடுக்க வந்தேன் என்றேன். பக்கத்திலிருந்தவரிடம் மலாயில் ஏதோ சொன்னார். பின்னால் நின்ற பெண் எனக்கு மொழிபெயர்த்தாள்: “கடைசியில் ஒருத்தராவது திருப்பிக் கொடுக்கிறார்களே என்கிறார்.” அலுவலகக் கடிதத்தைப் படித்துவிட்டு அனுப்பி வைத்தார்கள்.

முதல் இரண்டு நாளும் கூட்டம். பிளாஸ்டிக்கைக் குறைப்பது பற்றிப் பேசிய ஒவ்வொருவர் முன்னாலும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் புட்டியில் தண்ணீர் இருந்தது. என் முறை வந்தபோது அதைச் சொல்லத்தான் நினைத்தேன். தொண்டை வறண்டிருந்ததால் எடுத்துக் குடித்துவிட்டுப் பேசினேன்.

சாப்பாட்டுக்கு மட்டும் ஓட்டலிலிருந்து தப்பித்து, பழைய நகரப் பக்கம் காதர் பாயின் கடைக்குப் போனேன். அவர் தகப்பனார் ராமநாதபுரம் பக்கமிருந்து கப்பலேறியவராம். அறுபதை நெருங்கும் காதர் பாய் பிறந்தது ஈப்போவில். ரொட்டி சானாயை இரண்டு கையாலும் தட்டிக் கலைத்து வைக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பரோட்டாவுக்குத் தம்பி முறை ஆகவேண்டும், ஆனால் அண்ணனைவிட மெலிந்தவன். குழம்பு தித்தித்தது. அவர்களுடைய காப்பிக்கு முன்னால் நம் காப்பி கொஞ்சம் தலைகுனியத்தான் வேண்டும். இதை ஊரில் சொல்ல மாட்டேன்.

இரண்டாம் நாள் மதியம் காதர் பாயிடம் பீப்பாய்ப் படத்தைக் காட்டி, இந்த ஏழாங்கட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். இங்கே மைல்கல்லைக் கட்டை என்கிறார்கள். எந்த ஊரிலிருந்தும் ஏழாவது மைலில் ஓர் ஏழாங்கட்டை இருக்கலாம். ஆனால் அவர் படத்தைப் பெரிதாக்கி, பெயரைப் படித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

“தங்கச்சி, இது பாகான் டத்தோ பக்கம். தெப்பம் கவுந்திச்சே, அந்தத் தோட்டம் லா இது.”

அவர் சொன்னது இதுதான். பேராக் ஆற்றோரம் அந்தத் தோட்டம். முன்பு ரப்பர், இப்போது எண்ணெய்க்கான செம்பனை. இரண்டு வருடத்துக்கு முன் மாரியம்மன் திருவிழாவில் ஆற்றில் தெப்பம் விட்டார்கள். நீலப் பீப்பாய்களின் மேல் மரச்சட்டம், சட்டத்தின் மேல் அம்மன். பாதி ஆற்றில் முன்பக்க மூலைப் பீப்பாய் தனியாகக் கழன்று போனதைக் கரையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். தெப்பம் சாய்ந்தது. மேலே இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் நீந்தி வந்தார்கள். முனியாண்டி வரவில்லை. கடல் உள்வாங்கும் நேரத்து வற்று வெள்ளம் தெப்பத்தையும் கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

“முடிச்சு சரியா போடலன்னு முனியாண்டி மச்சினன் ராசையா மேல பழி. லெட்சுமியக்காவோட கூடப்பிறந்த தம்பி. அன்னிலருந்து அக்கா அவன்கிட்ட பேசறதில்ல. ரெண்டு பேரு வீடும் பக்கத்துப் பக்கத்துல.”

நான் என் பையிலிருந்து கயிற்றை எடுத்து மேசையில் வைத்தேன். முடிச்சு இப்படியே அசையாமல் இருக்கிறதே, இது எப்படிக் கழன்றிருக்கும் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எதையும் கண்டுபிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்கிற என் தொழில் புத்தி விடவில்லை. மரத்துண்டின் பட்டையில் சாய்வாக, ஒன்றன்கீழ் ஒன்றாக நாலைந்து கோடுகள் இருந்தன. கொண்டு வந்த நாளே அட்டையில் ‘கத்தி வெட்டுபோல் தெரிகிறது’ என்று எழுதியிருந்தேன். அதை அப்படியே காதர் பாயிடமும் சொன்னேன்.

மூன்றாம் நாள் கூட்டம் முடிந்திருந்தது. காதர் பாய் கடையை மனைவியிடம் விட்டுவிட்டுத் தன் பழைய வேனில் என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினார். பீடோர் என்ற ஊரை நெருங்கும்போது வேனிலிருந்து புகை. தண்ணீர் கொதித்துவிட்டது. ஆறும்வரை சாலையோரக் கடையில் கொய்யாப்பழம் தின்றோம். விதையில்லாத கொய்யா. உப்புப் புளிப்புத் தூள் தொட்டுக் கொடுத்தார்கள். விதை பல்லில் மாட்டாத கொய்யாவைத் தின்பது எனக்கு என்னவோ வேலை முடிக்காததுபோல் இருந்தது.

அங்கே நின்றுகொண்டிருக்கும்போதுதான் அவர் சாதாரணமாகச் சொன்னார், நேற்றே பாகான் டத்தோவில் கடை வைத்திருக்கும் தன் மச்சானுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டதாக.

எந்த விஷயத்தை என்றேன்.

“நீங்க சொன்னதுதான். கத்தி வெட்டு இருக்குன்னு.”

முடிச்சு கழன்றது என்றால் கவனக்குறைவு. கத்தி என்றால் அது வேறு சொல். இரண்டு வருடமாகத் தம்பியோடு பேசாத ஓர் அக்காவின் காதில் அந்தச் சொல் ஒரே நாளில் போய்ச் சேர்ந்திருக்கும். குப்பை கடலைத் தாண்ட ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டது. என் வாயிலிருந்து விழுந்ததற்கு ஒரு ராத்திரி போதுமாக இருந்தது. மீதிக் கொய்யாவை என்னால் தின்ன முடியவில்லை.

வேன் மறுபடி கிளம்பியது. வழியெல்லாம் செம்பனை. வரிசை வரிசையாக, வெயில் தரையில் விழாமல். கடல் பக்கம் நெருங்க நெருங்கத் தென்னை. எங்கள் வேதாரண்யம் பக்கத்துத் தென்னந்தோப்பு போலவே தட்டையான பூமி, அதே உப்புக் காற்று. ஒரு நிமிடம் ஊருக்கே திரும்பிவிட்டதாகத் தோன்றியது.

ஏழாங்கட்டையில் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயங்கள் இல்லை. இரண்டு வரிசைச் சின்ன வீடுகள், ஒரு கோயில், ஆற்றுப்பக்கம் ஒரு படித்துறை. காதர் பாய் வேனை நிறுத்துமுன் ஒருவர் எதிரே வந்து நின்றார். ஐம்பது தாண்டிய, ஒடிசலான மனிதர். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ராசையா அவர்தான். யாரும் பார்க்கிற இடத்தில் வேண்டாம் என்று எங்களைப் படித்துறைக்கு அழைத்துப் போனார்.

கயிற்றைக் கொடுத்தேன். வாங்கியவர் முடிச்சைப் பார்த்தார், அதைவிட அதிக நேரம் மரத்துண்டைப் பார்த்தார். தோட்டத்தில் பந்தல் கட்டுவது, தேருக்கு வடம் கட்டுவது எல்லாம் அவர் கைதான் என்று காதர் பாய் சொல்லியிருந்தார். அவருடைய கட்டைவிரல், முடிச்சின் மேல் ஒரு சுற்று சுற்றி வந்தது.

உங்கள் முடிச்சு கழலவில்லை, மரம்தான் முறிந்திருக்கிறது, இதை உங்கள் அக்காவிடம் காட்டினால் உங்கள் மேல் உள்ள பழி போய்விடும் என்றேன். அந்தக் கோடுகள் என்னவென்று தெரியாமலே கத்தி என்று சொன்னது என் தவறு, அதையும் நானே சொல்கிறேன் என்றேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் கயிற்றை என்னிடமே நீட்டினார். “இத ஆத்துல போட்டுருங்க.”

இருபது வருடத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. காதர் பாயைப் பார்த்தேன். அவரும் விழித்தார்.

ராசையா மெதுவாக விஷயத்தைச் சொன்னார். தோட்டத்தில் கடைசியாக நின்ற ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்தபோது, அவர் அக்கா போய் அதிகாரியிடம் கெஞ்சி, தான் பால் வெட்டிய வரிசையான நிரையிலிருந்து இரண்டு மரத்தைக் கேட்டு வாங்கினாராம். முப்பது வருடம் பால் வெட்டிய மரங்கள். அவைதான் தெப்பத்துக்குச் சட்டமாக வேண்டும், அம்மன் அதன்மேல்தான் உட்கார வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பால்மரம் தண்ணீரில் நிற்காது, பூச்சி விழும், உளுக்கும், இரும்புக் குழாய் போடலாம் என்று தம்பி சொல்லிப் பார்த்திருக்கிறார். மரமோ இரண்டு மாதம் மழையில் கிடந்தது. கடைசியில் அக்கா பேச்சைத் தட்ட முடியாமல் அதையே வைத்துக் கட்டியிருக்கிறார்.

“சாயும்போதே எனக்குத் தெரியும், முறிஞ்சது மரந்தான்னு. சத்தம் கேட்டிச்சு. அத அக்காகிட்ட எப்படி சொல்றது? அவுங்க குடுத்த மரம், அவுங்க புருஷன். முடிச்சுன்னே இருக்கட்டும். நான் தாங்கிக்குவேன்.”

எங்கள் அலுவலகத்தில் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் கைதட்டுவார்கள். அதைத் தெரிந்துகொண்டதற்காக வெட்கப்பட்டது அன்றுதான். ஆற்றில் போட்டுவிடவும் தோன்றியது. ஆனால் முடியாது. குப்பையைத் தண்ணீரில் போடக் கூடாது என்பதற்காக அல்ல. ‘கத்தி’ என்ற சொல் ஏற்கெனவே ஊருக்குள் இருந்தது. இந்தத் துண்டை நான் தொலைத்துவிட்டால், அந்தச் சொல் மட்டும்தான் மிஞ்சும். இதை அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேலே படியில் ஆள் அரவம்.

லெட்சுமியக்காவை யாரும் எனக்கு அறிமுகப்படுத்தவில்லை. தம்பியின் முகம் மாறியதில் தெரிந்தது. அறுபது வயதுக்கு மேல். நிமிர்ந்த நடை. நேராக என்னிடம் வந்தார். தம்பி பக்கம் திரும்பவே இல்லை.

“நீங்கதானே ஊருலருந்து வந்தவங்க? கயித்த வெட்டுனாங்கன்னு சொன்னீங்களாம். யாரு வெட்டுனான்னு கேக்க வந்தேன் மா.”

குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. யாரும் வெட்டவில்லை, நான் தெரியாமல் சொல்லிவிட்டேன், தவறு என்னுடையது என்றேன். எதைப் பார்த்து அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ராசையா எனக்குப் பின்னால் நின்று, காட்டாதீர்கள் என்று மெல்லச் சொன்னது அக்கா காதிலும் விழுந்திருக்க வேண்டும். அவர் கையை நீட்டினார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு என்னால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. கொடுத்தேன்.

அவர் முதலில் முடிச்சைப் பார்த்தார். பிறகு மரத்துண்டைத் திருப்பி, பட்டைப் பக்கம் இருந்த சாய்வுக் கோடுகளின் மேல் பெருவிரலை வைத்தார். விரல் ஒரு கோட்டின் மேல் முனையில் தொடங்கி, சரிந்து இறங்கி, கடைசியில் ஓர் இடத்தில் நின்றது. மறுபடி அடுத்த கோடு. அதே இடத்தில் நின்றது. வெகுநேரம் அதையே செய்துகொண்டிருந்தார். ஆற்றில் ஒரு படகு போனது. அதன் அலை வந்து படியில் அடித்து ஓய்ந்தது.

“இது கத்தி இல்ல மா,” என்றார். “இது பால் வெட்டுற உளி. என்னோட உளி. வெட்டு முடியற எடத்துல எனக்குக் கை கொஞ்சம் ஆழமா எறங்கும். மரம் காயமாகுதுன்னு மேப்பார்வை பாக்குற தண்டல் தெனமும் ஏசுவாரு.”

அதற்குமேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் கையில் இருந்தது முறிந்த மரம். அதைச் சுற்றி இருந்தது கழலாத முடிச்சு. அவர் படியில் உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. ஆற்றைப் பார்த்தபடி என்னிடம்தான் பேசினார்.

“அவன் வேணாம்னுதான் மா சொன்னான். கொழா போடலாம்னு சொன்னான். நாந்தான் கேக்கல.”

ராசையாவும் என்னைப் பார்த்தே பேசினார். இரண்டு வருடப் பழக்கம் போலிருக்கிறது, ஒருவருக்குச் சொல்வதை யாராவது மூன்றாம் ஆளிடம் சொல்வது. கட்டினது நான்தானே, கட்டாமல் இருந்திருக்கலாமே, அதை அவர்களிடம் சொல்லுங்கள் என்றார். நான் சொல்லவில்லை. இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தவருக்கு நான் என்ன சொல்வது?

பிறகு அக்கா, இந்த மரத்தைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். முனியாண்டியின் படத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டுமாம். அந்தத் துண்டுக்கு எங்கள் பதிவேட்டில் எண் உண்டு. கணக்குப்படி அது என்னோடு திரும்பி வர வேண்டும். எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன். கயிறு வேண்டாம் என்றார். கயிறு வாங்கியது கோயில், மரம்தான் தன்னுடையது என்றார்.

மரத்தை எடுக்க முடிச்சை அவிழ்க்க வேண்டும். அவர் முயன்று பார்த்தார். உப்பு ஏறி, வெயிலில் காய்ந்து, கயிறு கல்லாகியிருந்தது. காதர் பாய் வேனிலிருந்து கத்தி கொண்டுவரவா என்று கேட்டார். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்கா கயிற்றை மடியிலிருந்து எடுத்து, தம்பி பக்கம் திரும்பாமலே, தனக்கும் அவருக்கும் நடுவில் படியில் வைத்தார்.

ராசையா வந்து கீழ்ப்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கயிற்றை ஆற்றுத் தண்ணீரில் நனைத்து நனைத்துப் பிசைந்தார். ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்தார். மூன்று சுற்று, நடுவில் இரண்டு குறுக்குச் சுற்று, அதன்மேல் பூட்டு முடிச்சு. அவர் கட்டிய ஒழுங்குக்கு நேர் எதிராக ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டியிருந்தது. ஈரக் கயிறு இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை நழுவப் போனபோது அக்கா குனிந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடிக்க, இவர் இழுக்க, கடைசிச் சுற்று விட்டுக்கொடுத்து, மரத்துண்டு அக்காவின் மடியில் விழுந்தது.

ராசையா கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு தலை நிமிராமல் இருந்தார்.

“நல்லா இறுக்கித்தாண்டா கட்டியிருக்கே,” என்றார் அக்கா.